பாறையில் ஒரு சென்சஸ்!

"திங்கட்கிழமை ஒரு நாள் லீவு வேணும் சார்."

"என்ன விசேஷம்?"

"பாசி எண்ணப் போறேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "பாசியா? ஊசி, பாசின்னு வித்துக்கிட்டு வருவாங்களே, அந்தப் பாசியா?"

"இல்ல சார். பாறையில ஒட்டிக்கிட்டு இருக்கிற பாசி. மலைமேல ஏறி அது எத்தனை வகை, எங்கெங்கே இருக்குன்னு கணக்கெடுக்கணும்."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். ஆபீசில் எண்ண வேண்டிய ஃபைல்கள் அலமாரி அலமாரியாகக் கிடக்கும்போது, பாறையில் எண்ணப் போகிறவனை வேறெப்படிப் பார்ப்பார்?

"எந்த ஊரு மலை?"

"ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம்..."

"அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? போயிட்டு வாங்க. வரும்போது பால்கோவா மறந்துடாதீங்க!"

லீவு சாங்ஷன்!

என்னை இதில் மாட்டிவிட்டவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர். மற்றவர்கள் வாக்கிங் போனால் தொப்பை குறையும். இவர் போனால் நூறு அடிக்கு ஒரு மரத்தின் முன்னால் நின்று, கழுத்தில் தொங்கும் குட்டி லென்சைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, மூக்கை மரப்பட்டையில் தேய்த்துக் கொண்டிருப்பார். தெரு நாய்களே அவரைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

ஒரு நாள் கேட்டார்: "தம்பி, நீங்க ராஜபாளையம்தானே? சஞ்சீவி மலை தெரியுமா?"

"தெரியுமாவா? சின்ன வயசுல ஏறாத நாள் கிடையாது சார்!"

"பிரமாதம்! குடியரசு தினத்தை ஒட்டி நானும் ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு பேரும் அந்தப் பக்கம் லைக்கன் சர்வே பண்ணப் போறோம். அனுமதி எல்லாம் வாங்கியாச்சு. வழி காட்ட ஒரு ஆளு, கூடவே எழுதறதுக்கு ஒரு ஆளு வேணும். நீங்கதான் ரெண்டும்."

தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. அந்த மலையில் எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது. என்ன பாக்கி என்று பிறகு சொல்கிறேன். பேராசிரியரிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

*

2025 ஜனவரி 25, சனிக்கிழமை. பொதிகை எக்ஸ்பிரஸ் எங்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிட்டபோது தைப் பனி இன்னும் விலகவில்லை. மேற்கே மலைத்தொடர், போர்வைக்குள்ளிருந்து எழுந்திருக்க மனமில்லாத ஆள் மாதிரி பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் படுத்திருந்தது.

மாணவனின் பையில் சுத்தியல், உளி, கத்தி. மாணவியின் பையில் பழைய நியூஸ்பேப்பரில் மடித்த பொட்டலக் கவர்கள், சொட்டுச் சொட்டாக விடும் இரண்டு மருந்து பாட்டில், சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிப்பார்களே அந்த ஸ்ப்ரேயர் ஒன்று. ஸ்டேஷனில் யாராவது சோதனை போட்டிருந்தால் பூட்டு உடைக்கும் கோஷ்டி என்றே முடிவு கட்டியிருப்பார்கள்.

"நேரா மலைக்குத்தானே சார்?"

"இல்லை, பலசரக்குக் கடைக்கு. முதல்ல பாடம், அப்புறம்தான் மலை."

கடையில், "அண்ணாச்சி, கல்பாசி ஒரு ஐம்பது கிராம்" என்றார்.

கல்பாசி உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் நாக்குக்குத் தெரியும். செட்டிநாட்டுக் குழம்புக்கு மசாலா வறுக்கும்போது ஒரு சிட்டிகை போட்டால் தெருமுனை வரை மணக்குமே, அதுதான். பார்வைக்குக் காய்ந்த சருகு. கறுப்பும் சாம்பலுமாகச் சுருண்டு கிடக்கும். பிரியாணியில் கிடைத்தால், 'இது என்னடா குப்பை' என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைப்போம்.

பேராசிரியர் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்து லென்சைக் கொடுத்தார். பார்த்தேன். மேல்பக்கம் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் ஒரு தோல். அடிப்பக்கம் கரி. மடல் மடலாக விரிந்த ஓரங்களில் முகப்பவுடர் தூவினாற்போல் ஒரு மாவு.

"இதான் தம்பி லைக்கன். பேரு கல்பாசி. ஆனா கல்லுல மட்டும் இல்ல, மரத்துலயும் வளரும். பேருல பாசி இருக்கு. ஆனா வெறும் பாசியும் இல்ல."

"அப்புறம் எதுக்கு சார் அந்தப் பேரு?"

"சுந்தரம்னு பேரு வெச்சவன் எல்லாம் அழகாவா இருக்கான்?"

பிறகு அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். மேன்ஷன் ரூமில் இரண்டு பேர் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்கு ரூம் பிடிக்கத் தெரியும், பூட்டுப் போடத் தெரியும், தண்ணீர் பிடித்து வைக்கத் தெரியும். சமைக்க மட்டும் தெரியாது. இன்னொருவனுக்குச் சமையல் மட்டும்தான் தெரியும்; தனியாக விட்டால் வெயிலில் வதங்கிப் போவான். லைக்கனும் இப்படித்தான். காளான் ஜாதியைச் சேர்ந்த ஒரு பூஞ்சை வீட்டைக் கட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசி உள்ளே உட்கார்ந்து சூரிய வெளிச்சத்தில் சர்க்கரை சமைக்கிறது. தனித்தனியாக இருந்தால் மொட்டைப் பாறையில் இரண்டுக்குமே பிழைப்பு கிடையாது. சேர்ந்தால் எந்தப் பாறையிலும் குடித்தனம் நடத்தும்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சைமன் ஷ்வெண்டனர்தான் 1860-களின் கடைசியில் இதை உடைத்துச் சொன்னவர். லைக்கன் நிபுணர்கள் கொதித்துப் போனார்கள். ஆயுள் முழுக்க ஒரே ஆள் என்று நம்பிப் பெயர் வைத்த ஜீவனை, 'இது கூட்டுக் குடித்தனம்' என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? கதை அதோடும் முடியவில்லை. 2016-ல் டோபி ஸ்ப்ரிபில் என்பவரின் குழு, பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகை ஒன்றும் குடியிருக்கிறது என்று 'சயின்ஸ்' பத்திரிகையில் எழுதியது. ரூமில் மூன்றாவதாக ஒருத்தன், ஒன்றரை நூற்றாண்டாக வாடகை ரசீதில் பேரே இல்லாமல்!

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே பொட்டலம் கட்டிய அண்ணாச்சி கேட்டார்: "சார், இதைத் தோட்டம் போட்டு வெளைய வைக்க முடியாதுங்களா? நல்ல வெலை போகுதே!"

"முடிஞ்சா பண்ண மாட்டாங்களா அண்ணாச்சி? காட்டுல போய்ப் பெயர்த்துக்கிட்டு வர்றதுதான். இலை மாதிரி இருக்கிற இந்த ரகம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளரும். பாறையோட பெயிண்ட் மாதிரி ஒட்டினது இருக்கு பாருங்க, அது வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தா பெரிய விஷயம்."

அண்ணாச்சி கையிலிருந்த பொட்டலத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதன் மேல் இன்னொரு பேப்பர் சுற்றி, ரெட்டை நூல் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

*

அன்று பகல் முழுக்க மரங்கள். முதலில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு வேப்ப மரம்.

முறை ரொம்ப எளிது. நெஞ்சு உயரத்தில், மரப்பட்டை மேல் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கம்பிச் சட்டம் ஒன்றை வைக்க வேண்டும். சட்டத்துக்குள் எத்தனை வகை, ஒவ்வொன்றும் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். நான் எழுத வேண்டும். நாலு திசைக்கும் இப்படி. பிறகு அடுத்த மரம். ஜனங்கள் தொகைக் கணக்கெடுக்க வீட்டுக்கு வருகிறார்களே, அதே வேலைதான். ஒரே வித்தியாசம், இங்கே யாரும், 'வீட்டுல ஆள் இல்லை, அப்புறம் வாங்க' என்று சொல்வதில்லை.

பஸ் ஸ்டாண்ட் மரத்தில் தேடித் தேடிப் பார்த்ததில், பட்டையோடு பட்டையாக ஒட்டிய சாம்பல் நிறத் திட்டு இரண்டு. மற்றதெல்லாம் புகையும் தூசியும், வெற்றிலை போட்டவர்களின் கைவண்ணமும்!

மத்தியானம் ஆட்டோ பிடித்துச் செண்பகத்தோப்பு சாலையில் மேற்கே போனோம். சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயம் ஆன காடு இது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. நாங்கள் காட்டுக்குள் போகவில்லை. அடிவாரத்துத் தோப்பில் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு ஒரு கிழட்டு மாமரத்தின் முன்னால் நின்றோம்.

அது மரம் இல்லை, காலனி! சட்டத்துக்குள் விரல் வைக்கக் காலி இடம் இல்லை. ரோஜாப் பூவைத் தட்டையாக அழுத்தி ஒட்டினாற்போல் சில. சுண்ணாம்பு தெறித்தாற்போல் சில. கறுப்புக் கோடு கோடாக, யாரோ அவசரத்தில் சுருக்கெழுத்து எழுதிவிட்டுப் போனது மாதிரி ஒன்று.

"இப்பப் பாருங்க" என்று மாணவி சலூன் ஸ்ப்ரேயரை எடுத்து, செத்துப் போனது மாதிரி இருந்த ஒரு சாம்பல் திட்டின் மேல் இரண்டு தடவை அடித்தார். நான் ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணி முப்பதுக்கு வருவதற்குள் சாம்பல் கரைந்து, பச்சை கிளம்பி மேலே வந்தது. மேல்தோல் நனைந்ததும் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் பாசி தெரிகிறது. அந்தப் பாசியும் உடனே சமையலை ஆரம்பித்துவிடுகிறதாம். மாசக்கணக்கில் காய்ந்து கிடக்கும். தண்ணீர் பட்டால் நிமிஷத்தில் டியூட்டியில் ஜாயின் பண்ணிவிடும். எங்கள் ஆபீசில் அப்படி ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. என்னையும் சேர்த்துத்தான்.

"ஒரே ஊர். அங்கே ரெண்டு திட்டு, இங்கே இடமே இல்ல. ஏன்னு நினைக்கிறீங்க?" என்றார் பேராசிரியர்.

"காத்து சார்?"

"அதேதான். இதுக்கு வேர் கிடையாது. காத்துல வர்றது, மழையில வர்றது, இதான் சாப்பாடு. நல்லது வந்தாலும் உறிஞ்சும், விஷம் வந்தாலும் உறிஞ்சும். வடிகட்டத் தெரியாது. ஆனா ஒரு மரத்தை வெச்சு முடிவு கட்டக்கூடாது. மரமும் வேற, வெயிலும் வேற. அதனாலதான் நிறைய மரம் பாக்கறோம்."

பாரிஸ் நகரத்தில் வில்லியம் நைலாண்டர் என்ற ஃபின்லாந்துக்காரர் 1866-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். லக்ஸம்பர்க் தோட்டத்து மரங்களில் இருந்த லைக்கன்கள் நகரத்தின் மற்ற இடங்களில் இல்லை. காற்றின் சுத்தத்துக்கு இதுவே அளவுகோல் என்றார். கூர்மையான ஆள். ஆனால் பூஞ்சையும் பாசியும் சேர்ந்ததுதான் லைக்கன் என்பதைக் கடைசி வரை ஒப்புக்கொள்ளாதவரும் இவரே!

நம் நாட்டில் இந்தப் படிப்புக்குப் பிதாமகர் லக்னோ பல்கலைக்கழகத்தில் இருந்த தரணீதர் அவஸ்தி. 2011-ல் காலமானார். அதற்கும் முன்பு, நமக்குப் பக்கத்திலேயே, கொடைக்கானல் செண்பகனூரில் இருந்த ஃபொரோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பழனி மலையில் அலைந்து மரப்பாசிகளையும் லைக்கன்களையும் சேகரித்திருக்கிறார். உலகத்தில் சுமார் 20,000 வகை. இந்தியாவில் மட்டும் 2,500-க்கு மேல். இத்தனை இருந்தும் நமக்குத் தெரிந்தது பிரியாணியில் ஒதுக்கிவைப்பது ஒன்றுதான்.

*

மறுநாள் ஞாயிறு. ஜனவரி 26. ராஜபாளையம்.

ஊரில் எங்கோ கொடியேற்றிய மைக் செட் பாடிக்கொண்டிருக்க, நாங்கள் சஞ்சீவி மலை ஏறினோம். அனுமார் தூக்கிக்கொண்டு பறந்த மலையிலிருந்து விழுந்த துண்டு என்று சின்ன வயதில் எங்களுக்குக் கதை சொல்வார்கள். கீழே பஞ்சாலைகள், தென்னந்தோப்பு, தூரத்தில் கண்மாய்த் தண்ணீர், மேற்கே சுவர் மாதிரி மலைத்தொடர். நான்தான் வழிகாட்டி. பேராசிரியருக்கு 71 வயது. பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது எனக்கு!

"சார், வெளிநாட்டுல எல்லாம் மணற்கல் மலையில இந்த சர்வே பண்றாங்களாமே?" என்று மாணவன் கேட்டான். (கேள்வி கேட்டால் அவர் நின்று பதில் சொல்வார். நாங்கள் உட்காரலாம். புத்திசாலிப் பையன்.)

"வெளிநாடு எதுக்குப்பா? மத்தியப் பிரதேசத்துல பீம்பேட்கா இருக்கே! ஆதிமனுஷன் ஓவியம் வரைஞ்ச குகை எல்லாம் மணற்கல்தான். லக்னோ தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க அங்கே லைக்கன் கணக்கு எடுத்திருக்காங்க. ஓவியத்து மேலேயே படருதே, என்ன பண்றதுன்னு பிரச்னை. மணற்கல் தண்ணி குடிக்கும். பஞ்சு மாதிரி ஈரத்தை வெச்சிருக்கும். பொடிப்பொடியா உதிரவும் செய்யும். நம்ம பக்கத்துப் பாறை வேற ஜாதி. நைஸ், சார்னோக்கைட். தண்ணியும் குடிக்காது, லேசுல உதிரவும் உதிராது. இதுல ஒரு லைக்கன் கால் ஊன்றதுன்னா சாதாரண விஷயம் இல்ல."

சார்னோக்கைட் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறை இருக்கிறது. அதன் கல் நம் சென்னைப் பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. 1893-ல் அந்த ரகக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், செத்துப் போனவர் ஞாபகமாகக் கல்லுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார். கல்லில் பெயர் எழுதுவார்கள். இங்கே பெயரே கல்லாகிவிட்டது! கல்லில் பெயர் என்றதும் எனக்குக் குப்பென்று வியர்த்தது. ஏன் என்று இன்னும் இரண்டே நிமிஷத்தில் தெரியும்.

வேலை ஆரம்பமானது. பாறையின் வெயில் பக்கம், நிழல் பக்கம், மழைத் தண்ணீர் வழியும் தாரை என்று பிரித்துக்கொண்டு சட்டம் வைத்து எண்ண ஆரம்பித்தார்கள். பாறையோடு பொருக்காக ஒட்டியது, இலையாக விரிந்தது, புதராக நிற்பது என்று மூன்று பெரிய பிரிவு. வறண்ட அடிவாரப் பாறையில் பொருக்கு ரகத்தின் ராஜ்யம்தான். பெயர் தெரியாத ரகத்தை மட்டும் உளியால் நகக்கண் அளவு, கல்லோடு செதுக்கிப் பொட்டலம். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் இடம், தேதி, உயரம், வெயிலா, நிழலா என்று நான் எழுத வேண்டும்.

சந்தேகம் வந்தால் கெமிஸ்ட்ரி. ஒரு பாட்டிலில் காஸ்டிக் பொட்டாஷ். இன்னொன்றில் நம் குடிதண்ணீர்த் தொட்டியில் போடுகிற பிளீச்சிங் பவுடர் கரைசல். சுரண்டின இடத்தில் ஒரு சொட்டு. சிலது மஞ்சளாகும். சிலது ரத்தச் சிவப்பாகும். சிலது பேசாமல் இருக்கும். நிறத்தை வைத்து உள்ளே என்ன அமிலம், அதை வைத்து யார் குடும்பம் என்று கண்டுபிடிக்கிறார்கள். பள்ளிக்கூட லேபில் லிட்மஸ் பேப்பரை நனைத்து விளையாடினோமே, அந்த லிட்மஸ் சாயமே ஆதியில் கடற்கரை லைக்கன்களிலிருந்து எடுத்ததுதானாம். பத்தாம் வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் நான் ஒருவேளை கெமிஸ்ட்ரியில் பாஸாகியிருப்பேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ரொம்ப நேரம் எங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"என்னய்யா, தங்கம் கிங்கம் இருக்கா?"

"இல்லீங்கய்யா, இந்தப் பாசியைப் பாக்கறோம்."

"இந்தத் தேமலையா?" என்றார். பிறகு, "மழை பெஞ்சா பச்சையாயிரும், வெயில் அடிச்சா வெளுத்துரும். அது கல்லோட உசிருய்யா" என்று சொல்லிவிட்டு ஆடுகளின் பின்னால் போனார்.

பேராசிரியர் எழுந்து நின்று அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "தேமல்... எழுதிக்கங்க தம்பி. நல்ல வார்த்தை."

*

நான் அவர்களைக் கிழக்குச் சரிவுப் பக்கமாகவே தள்ளிக்கொண்டு போனேன். மேற்கே பார்த்த பெரிய பாறை ஒன்று இருக்கிறது. அங்கே போகாமல் இருக்க, "அந்தப் பக்கம் வழுக்கும் சார்", "அங்க தேனீக் கூடு இருக்கும் சார்" என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். மூன்று மணிக்கு மாணவியின் குரல் கேட்டது. அந்தப் பாறையின் பின்னாலிருந்துதான்.

"சார்! சீக்கிரம் வாங்க! தேதி போட்ட பாறை!"

முடிந்தது கதை.

பாறையில் இரண்டடிக்கு ஓரடி நீள்சதுரம் ஒன்று, சுற்றியுள்ள தேமலிலிருந்து தனியாக, கரும்பலகை மாதிரி வெறிச்சென்று தெரிந்தது. அதற்குள் உளியால் கொத்திய எழுத்து. ஒரு 'ரா'. பக்கத்தில் அம்பு விட்ட இதயம், கொஞ்சம் கோணலாக. அதற்குப் பக்கத்தில் இன்னொரு எழுத்து. கீழே தேதி: 26.1.96.

"எந்தப் புண்ணியவான்யா இது? இன்னையோட சரியா 29 வருஷம்!" என்று பேராசிரியர் கைகொட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பெயரின் முதல் எழுத்தை யோசித்தார் போலிருக்கிறது. கைதட்டல் நின்றது.

"தம்பி... நீங்களா?"

அசடு வழிந்தேன். காலேஜ் கடைசி வருஷம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எனக்கு முந்தின பேட்ச்சில் ஒரு பெண். ஆறு மாதத்தில் அவள் என்னிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "உங்க பேப்பர் கீழ விழுந்திருச்சு." நான் அதற்குப் பதிலாகச் செய்தது இந்தக் கல்வெட்டு. அம்மி கொத்துகிறவரிடம் உளியை இரவல் வாங்கி, குடியரசு தின லீவில் மலையேறி, 'பாறை அழுக்கா இருக்கே' என்று முதலில் அரைமணி நேரம் சுரண்டிச் சுத்தம் செய்து, அதன் பிறகு கொத்தினேன். அடுத்த வருஷம் அவளுக்கு வேறு ஊரில் கல்யாணம். அவளுக்கு இந்தக் கல்வெட்டு விஷயம் இன்றுவரை தெரியாது. (என் மனைவிக்கும் தெரியாது. ஆகவே இந்த வாரம் மட்டும் எங்கள் வீட்டுக்கு இந்தப் பத்திரிகை வராது.)

நான் அழுக்கு என்று சுரண்டினேனே, அது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும்.

பேராசிரியர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பொட்டலங்கள் இருந்த பையைத் தூக்கிக் காட்டினார். அறுபதுக்கு மேல் இருக்கும்.

"ரெண்டு நாளா, அனுமதி வாங்கி, நகக்கண் அளவு, நகக்கண் அளவுன்னு பயந்து பயந்து எடுத்தது இவ்வளவு. நீங்க அரைமணி நேரத்துல எடுத்தது இதைவிட ஜாஸ்தி தம்பி."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் வேண்டியும் இல்லை.

பிறகு மண்டி போட்டு உட்கார்ந்து லென்சை எடுத்தார். சுரண்டின இடத்தில் புதிதாக முளைத்த திட்டுகள் சின்னச் சின்னதாகச் சில இருந்தன. இருப்பதிலேயே பெரியதை ஸ்கேல் வைத்து அளந்தார். விட்டம் 17 மில்லிமீட்டர். சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரியது. 29 வருஷ உழைப்பு!

அது முளைத்திருந்தது அந்தப் பெண்ணின் எழுத்து மேல். வளைவும் சுழியும் மூடி, அது என்ன எழுத்து என்றே படிக்க முடியவில்லை. என்னுடைய 'ரா' மட்டும் துடைத்து வைத்தாற்போல் பளிச்சென்று இருந்தது.

"சாமர்த்தியமான பொண்ணு" என்றார் மாணவி. பெண்ணைச் சொன்னாரா, லைக்கனைச் சொன்னாரா தெரியவில்லை.

"தேதி தெரிஞ்ச பாறை எங்களுக்குப் புதையல் மாதிரி தம்பி" என்றார் பேராசிரியர். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ரோலண்ட் பெஷல் என்பவர் 1950-ல் காட்டிய வழி அது. கல்லறையில் சாவுத் தேதி பொறித்திருக்கும். அதன் மேல் வளர்ந்த லைக்கனை அளந்தால், இத்தனை வருஷத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று கணக்குக் கிடைக்கும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, பனிப்பாறை எந்தக் காலத்தில் பின்வாங்கியது என்று தேதியே இல்லாத மலைக்குத் தேதி சொல்லிவிடுகிறார்கள்.

நீள்சதுரத்துக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி, என் உளியிலிருந்து தப்பிய திட்டு ஒன்று இருந்தது. அளந்தோம். 14 சென்டிமீட்டர்.

ஆபீஸ் புத்தி விடுமா? மனக்கணக்குப் போட்டேன். "17 மில்லிமீட்டருக்கு 29 வருஷம்னா... சார், இதுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல ஆகுதே!"

"அப்படி நேர்க்கோட்டுல இழுக்கக்கூடாது. முளைக்கவே பல வருஷம் ஆகும், இளசுல ஒரு வேகம், அப்புறம் ஒரு வேகம். ரகமும் ஒண்ணுதானான்னு லேப்ல பாக்கணும். ஒரு பாறையை வெச்சு சட்டம் எழுத முடியாது." ஆனாலும் அந்தத் திட்டை அவர் விரல் நுனியால் லேசாகத் தொட்ட விதத்தில் மரியாதை தெரிந்தது. "உங்க தாத்தா இந்த மலை ஏறியிருந்தா, அவரை இது பார்த்திருக்கலாம்."

2005-ல் ரஷ்ய ஃபோட்டான் விண்கலத்தில் இரண்டு ரக லைக்கன்களை ஏற்றி, விண்வெளியில் இரண்டு வாரம் போலத் திறந்து வைத்தார்களாம். காற்று இல்லை, தண்ணீர் இல்லை, சூரியனின் புற ஊதாக் கதிர் நேராக. கீழே இறக்கித் தண்ணீர் விட்டதும் ஒன்றுமே நடக்காதது மாதிரி வேலையை ஆரம்பித்தன. விண்வெளிக்கே அசையாத ஜீவன். இரவல் உளியோடு வந்த 20 வயதுப் பையனிடம் தோற்றுப் போயிருக்கிறது.

"சார், இந்த எழுத்தை எல்லாம் அழிச்சுடவா?" என்று கேட்டேன்.

"தொட்டீங்கன்னா தெரியும்!" முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "இனிமே இது உங்க பாறை இல்ல, என் சர்வே பாறை. இதே தேதியில பத்து வருஷம் கழிச்சு வந்து திரும்ப அளக்கணும்."

சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றார். 71-ஐயும் பத்தையும் கூட்டுகிறார் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்தது.

"எழுதிக்கம்மா" என்றார் மாணவியிடம், சாதாரணமாக. "2035 ஜனவரி 26. நான் இருந்தா நான் வர்றேன். இல்லாட்டி நீ வா. வழி காட்ட இவரைக் கூட்டிட்டு வா. வழுக்கும், தேனீ இருக்கும்னு சொல்வாரு, நம்பாதே."

நோட்டில் அந்த வரியை எழுதியது நான்தான். அந்த ரெண்டு நாளில் நான் எழுதிய வரிகளில் அது ஒன்றுதான் கை நடுங்கி எழுதியது.

*

செவ்வாய்க்கிழமை ஆபீஸ். பால்கோவா டப்பாவை மேனேஜர் மேஜைமேல் வைத்தேன்.

"என்னய்யா, எத்தனை பாசி எண்ணினீங்க?" என்றார் வாயில் போட்டுக்கொண்டே.

"பொட்டலம் அறுபது சொச்சம் சார். அதுல எத்தனை ரகம்னு லேப்ல பார்த்துச் சொல்ல இன்னும் பல மாசம் ஆகும். நான் நல்லாப் பார்த்தது ஒண்ணே ஒண்ணுதான்."

"ஒண்ணா? அதுக்கா ஒரு நாள் லீவு?"

"அது வளர 29 வருஷம் ஆயிருக்கு சார்" என்றபடி சட்டைப்பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிப் படித்தார். லீவு லெட்டர். தேதி: 26.1.2035.

பால்கோவாவை விழுங்கிவிட்டு அவர் என்னை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏன்யா, அன்னைக்குக் குடியரசு தினம்யா! ஆபீஸே லீவுதான்!"